நிலத்தடியில் தொடங்கிய மறுவாழ்வு: எம்ஷர் ஆறும் ரூர் நகரங்களும்

மேற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எம்ஷர் ஆற்றையும் அதன் கிளையோடைகளையும் மக்கள் ‘கொட்டெல்பெக்கெ’ என்றுதான் சொல்வார்கள். சற்றே நாகரிகமாகப் பெயர்த்தால் ‘மலம் மிதக்கும் ஓடை’ என்று பொருள்படும். டோர்ட்முண்டுக்குக் கிழக்கே ஹோல்ட்ஸ்விக்கெடெ என்ற ஊரில், ஒரு பழைய பண்ணை வீட்டுக் குளத்தில் ஊற்றெடுக்கும் இந்த ஆறு, எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மேற்கு நோக்கி ஓடி, டின்ஸ்லாகன் அருகே ரைனில் கலக்கிறது. வழியில் டோர்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன், எஸ்ஸன், பொட்ரோப், ஓபர்ஹவுசன் ஆகிய நகரங்களின் வீட்டுக் கழிவும், சுரங்கங்களிலிருந்து இறைத்த நீரும், ஆலைக் கழிவும் மூடியில்லாத கான்கிரீட் வாய்க்காலில் ஒன்றாகக் கலந்து, நேர்கோட்டில், கம்பி வேலிகளுக்கு நடுவே ஓடின. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் விடுவது முற்றிலும் நின்றது.

சுற்றுச்சூழலை முன்னிறுத்தி நகரங்களைச் சீரமைப்பது பற்றிய பேச்சில் ரூர் தவறாமல் இடம்பெறுகிறது. கொடி படர்ந்த ஊதுலைகளும் (இரும்புத் தாதுவை உருக்கும் பேருலைகள்) விளக்கொளியில் மின்னும் சுரங்கக் கோபுரங்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அவை காட்டத்தக்கவைதாம். எனினும், அந்தப் படங்களில் வராத ஒரு குழாயும், அந்தக் குழாயைப் போடுவதற்கு அதிகாரமும் பணமும் பெற்றிருந்த ஒரு நூற்றாண்டுப் பழமையான அமைப்பும் இல்லாமல், மேலே தெரியும் பசுமையில் பாதிகூட நிலைத்திருக்காது என்பது என் கருத்து. ஆகவே கழிவுநீரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரூர் வட்டாரத்தில் சுரங்கங்களும் இரும்பாலைகளும் பெருகியபோது மூன்று ஆறுகளுக்கும் மூன்று வேலைகள் ஒதுக்கப்பட்டன என்று சொல்லலாம். தெற்கே ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு. வடக்கே ஓடும் லிப்பெ, பின்னாளில் கால்வாய்களுக்கு நீர் தருவதற்கு. நடுவில் ஓடிய எம்ஷர் கழிவுக்கு. எம்ஷர் இயல்பிலேயே சரிவு குறைந்த, வளைந்து நெளிந்து மெல்ல நகரும் ஆறு. அதன் கரையில் மக்கள்தொகை பன்மடங்கு பெருகி, கழிவு முழுவதும் அதில் சேர்ந்தபோது, வெள்ளம் வரும்போதெல்லாம் சாக்கடை வீட்டுக்குள் வந்தது. வயிற்றுப்போக்கும் குடற்காய்ச்சலும் மீண்டும் மீண்டும் பரவின. 1901இல் கெல்சன்கிர்ஷனில் குடிநீர்க் குழாய் வழியே பரவிய டைபாய்டில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றதும், காரணம் அறிய நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் நேரில் வந்து ஆராய்ந்ததும், சுகாதாரத்தை ஒவ்வொரு ஊரும் தனித்தனியே பார்த்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்பதைத் தெளிவாக்கின.

அதற்குச் சற்று முன்பே, 1899 டிசம்பரில், எம்ஷர்கெனோசன்ஷாஃப்ட் என்ற நீர் மேலாண்மைக் கூட்டமைப்பு உருவாகியிருந்தது. நகராட்சிகள், சுரங்க நிறுவனங்கள், ஆலைகள் ஆகியவை இதில் கட்டாய உறுப்பினர்கள். யார் எவ்வளவு கழிவை விடுகிறார்களோ, யாரால் எவ்வளவு சேதம் ஏற்படுகிறதோ, அதற்கேற்ப ஆண்டுதோறும் பங்குத்தொகை செலுத்த வேண்டும். 1904இல் பிரஷ்ய அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நகர எல்லையைப் பார்க்காமல் ஆற்றின் வடிநிலத்தையே ஆட்சி எல்லையாகக் கொண்ட அமைப்பு, அதுவும் வரி போலப் பணம் திரட்டும் உரிமையுடன், அந்தக் காலத்தில் அரிது. இன்றும் பல நாடுகளில் அரிதுதான். ஓர் ஆறு ஐந்து நகராட்சிகளைக் கடந்து செல்லும்போது மேலேயிருப்பவர் கழிவைக் கீழே தள்ளிவிட்டால் தம் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது இயல்பு. அந்த இயல்பை அறிவுரையால் மாற்ற முயலாமல், கணக்குப் புத்தகத்தால் மாற்றினார்கள்.

ஆனால் அந்தக் கூட்டமைப்பு முதலில் செய்தது ஆற்றைக் காப்பாற்றும் வேலை அன்று; ஆற்றை ஒழுங்கான சாக்கடையாக்கும் வேலை. இதை இன்றைய கண்ணால் பார்த்துக் குறை சொல்வது எளிது. நிலக்கரியை வெட்டியெடுத்த இடங்களில் மேலேயுள்ள நிலம் உள்வாங்கிக்கொண்டே போனது. சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. இப்படி அசைந்துகொண்டேயிருக்கும் நிலத்துக்கடியில் மூடிய குழாய்களைப் பதித்தால், அவை உடையும், சரிவு மாறும், கழிவு எங்கே கசிகிறது என்பதுகூடத் தெரியாது. திறந்த வாய்க்காலாக இருந்தால், நிலம் தாழும்போது கரையை உயர்த்தலாம். அடியில் பதித்த கான்கிரீட் ஓடுகளை எடுத்துச் சரிசெய்யலாம். எனவே ஆற்றை நேராக்கி, அடியில் கான்கிரீட் பதித்து, இருபுறமும் கரைகட்டி விட்டார்கள். நிலம் மேலும் மேலும் தாழ, கரைகள் மேலும் மேலும் உயர்ந்து, சில இடங்களில் ஆறு சுற்றியுள்ள வீடுகளைவிட உயரத்தில் ஓடும் நிலை வந்தது. ரைனில் கலக்கும் இடத்தில் போதிய சரிவு கிடைக்காமல் முகத்துவாரமே இருமுறை வடக்கே நகர்த்தப்பட்டது. இறுதியாக 1949இல் அது டின்ஸ்லாகனுக்கு வந்தது.

நிலக்கரித் தொழிலின் சரிவு 1958இல் தொடங்கியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவை ஆழமான படிமங்களைத் தேடி வடக்கே நகர்ந்தன. 1961 தேர்தல் பரப்புரையில் சமூக ஜனநாயகக் கட்சியின் பிரதமர் வேட்பாளர் வில்லி பிராண்ட் ‘ரூர் வட்டாரத்தின் வானம் மீண்டும் நீலமாக வேண்டும்’ என்று சொன்னபோது பலர் அதைக் கேலி செய்தார்கள். புகை வேலைக்கு அடையாளமாக இருந்த காலம் அது. 1980களில் எம்ஷர் பள்ளத்தாக்கில் சுரங்கம் ஏறத்தாழ ஓய்ந்து, நிலத்தின் அசைவும் அடங்கியது. மூடிய குழாய்களைப் பதிக்க முடியாது என்பதற்கிருந்த பொறியியல் காரணம் அத்துடன் மறைந்தது. வேலைகளைக் கொண்டுபோன அதே சரிவுதான் ஆற்றைத் திருப்பித் தருவதற்கான வாய்ப்பையும் தந்தது. இந்த முரண் ரூரில் எங்கே போனாலும் எதிர்ப்படும்.

இரண்டு முயற்சிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்தன. ஒன்று, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு 1989 முதல் 1999 வரை நடத்திய எம்ஷர் பூங்கா பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி. மற்றொன்று, 1990களின் தொடக்கத்தில் கூட்டமைப்பு கையிலெடுத்த ஆற்றுச் சீரமைப்பு. கண்காட்சி என்றதும் அரங்குகளையும் அனுமதிச் சீட்டுகளையும் நினைக்க வேண்டாம். பத்தாண்டுகளில் பதினேழு நகரங்களில் சுமார் 120 திட்டங்களைத் தூண்டிவிட்ட ஒரு சிறிய அலுவலகம் அது. அதன் தலைவர் கார்ல் கான்சர் புவியியலாளர். முன்பு மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறையில் இருந்தவர் என்பதால் எந்தப் பணம் எந்தத் தலைப்பில் முடங்கிக் கிடக்கிறது என்று அறிந்திருந்தார். அலுவலகத்திடம் பெரிய நிதி எதுவும் கிடையாது. ஏற்கெனவே இருந்த வீட்டுவசதி, வேலைவாய்ப்பு, பாரம்பரியப் பாதுகாப்புத் திட்டங்களின் பணத்தை ஒரு தரத்துக்குட்பட்ட திட்டங்களுக்கு மட்டும் திருப்பிவிடச் செய்வதே அதன் பலம். முழுமைத் திட்ட வரைபடம் ஒன்றை முதலில் தீட்டி, பிறகு அதை நிறைவேற்ற முடியாமல் தவிக்கும் வழக்கமான பாதையை அவர்கள் தவிர்த்தார்கள்.

இந்தத் திட்டங்களில் விரித்துச் சொல்லத்தக்கது டூய்ஸ்பூர்க் வடக்கிலுள்ள நிலத்தோற்றப் பூங்கா. மைடரிக் பகுதியிலிருந்த தைசன் இரும்பாலை 1985இல் மூடப்பட்டபோது, இடித்துவிட்டு வெற்று நிலமாக்குவதே இயல்பான முடிவாகப் பலருக்குத் தோன்றியது. உள்ளூர் மக்களில் ஒரு பிரிவினர் எதிர்த்தார்கள். பழைய தொழில் நிலங்களை வாங்குவதற்கென மாநிலம் அமைத்திருந்த நிலநிதியம் அந்த இடத்தை வாங்கியது. 1990-91இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் வென்றார். சுமார் 180 ஹெக்டேர் பரப்பில் அவர் செய்த முதன்மையான வேலை, எதையெல்லாம் செய்யாமல் விடுவது என்று முடிவெடுத்ததுதான். ஊதுலைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றில் ஏறிப் பார்க்கப் படிகள் மட்டும் வந்தன. தாதுச் சேமிப்புத் தொட்டிகளின் தடித்த கான்கிரீட் சுவர்களில் ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கத்தினர் ஏறிப் பழகுகிறார்கள். வாயுக் கலன் ஒன்றில் நீர் நிரப்பப்பட்டு, இப்போது அது மூழ்கு நீச்சல் பழகும் இடம். உருக்கிரும்பு வார்க்கும் தளத்தில் கிடந்த 49 கனத்த இரும்புத் தகடுகளைக் கழுவி, ஊதுலைகளுக்கு நடுவே ஒரு சதுக்கமாகப் பரப்பினார்கள்.

மண்ணின் விஷயம் இதைவிட நுட்பமானது. நச்சு கலந்த மண்ணை முழுவதுமாக அள்ளி லாரிகளில் ஏற்றி வேறோர் ஊருக்கு அனுப்புவது ‘சுத்தம்’ என்ற சொல்லின் வழக்கமான பொருள். லாட்ஸின் குழுவோ, மிக மோசமான மண்ணை வளாகத்திலிருந்த பழைய தொட்டிகளுக்குள்ளேயே அடைத்து மூடியது. குறைந்த மாசுள்ள இடங்களில் செடிகளை வளரவிட்டு, மனிதர் கால் படாமல் பார்த்துக்கொண்டது. தொலைநாடுகளிலிருந்து தாதுவுடன் வந்த விதைகள் முளைத்து அங்கே ஒரு தனித் தாவரக் கூட்டமே உருவாகியிருந்தது. அதைக் களை என்று பிடுங்காமல் விட்டார்கள். வளாகத்தின் நடுவே பழைய எம்ஷரின் ஒரு கிளை திறந்த சாக்கடையாக ஓடியது. அந்தக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்க்குள் இறக்கப்பட்டு, மேலேயுள்ள வாய்க்காலில் கூரைகளிலிருந்து வடியும் மழைநீர் விடப்பட்டது. எம்ஷர் முழுவதற்கும் பின்னர் நடக்கவிருந்ததன் சிறு மாதிரி அது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். எஸ்ஸனில் 1986இல் மூடப்பட்ட சோல்ஃபரைன் சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஓபர்ஹவுசனின் 117 மீட்டர் உயர வாயுக் கலன் 1994 முதல் கண்காட்சிக் கூடம். ஹெர்னேயில் மோன்-செனி சுரங்கம் இருந்த இடத்தில் எழுந்த பயிற்சிக் கழகம், மாபெரும் கண்ணாடிக் கூட்டுக்குள் அமைந்தது. அதன் கூரையில் ஒரு மெகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகள் உள்ளன, கைவிட்ட சுரங்கத்திலிருந்து கசியும் மீத்தேனும் வீணாகாமல் மின்சாரமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. திட்டமிடுவோர் எண்ணிப் பார்த்திராத பயன்களும் உண்டு. வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில், ஹாம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலின் தீர்த்தோற்சவம், நிலக்கரிப் படகுகளுக்காக வெட்டி 1914இல் திறந்த டாட்டெல்ன்-ஹாம் கால்வாயில்தான் நடக்கிறது. ஒரு தொழில் வட்டாரத்தின் எச்சங்களுக்கு மறுவாழ்வு தருவது கட்டடக் கலைஞர்கள் மட்டுமே செய்யும் காரியம் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

கண்காட்சி 1999இல் முடிந்தது. ஆறு அப்போதும் நாறிக்கொண்டுதான் இருந்தது. பூங்காக்கள் பத்தாண்டுகளில் வந்துவிட்டன, ஆற்றுக்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. முதலில் டோர்ட்முண்டிலும் பொட்ரோப்பிலும் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. பிறகு ஒவ்வொரு கிளையோடைக்கும் அருகே கழிவுநீருக்கென நிலத்தடிக் குழாய் பதித்து, அது இயங்கத் தொடங்கிய பின்னரே ஓடையின் கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள். இந்த வரிசையை எங்கும் மாற்ற முடியாது. குழாய் வராமல் கான்கிரீட்டை எடுத்தால், சாக்கடை மண்ணுக்குள் இறங்கும். கிளைக் குழாய்கள் எல்லாம் வந்து சேரும் முதன்மைக் குழாய், டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன்வரை 51 கிலோமீட்டர் நீளம் கொண்டது. கழிவு தேங்காமல் ஓடவேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை மீட்டர் சரிவு வேண்டும். அப்படியே விட்டால் மறுமுனையில் குழாய் எழுபது மீட்டருக்கும் கீழே போயிருக்கும். எனவே கெல்சன்கிர்ஷன், பொட்ரோப், ஓபர்ஹவுசன் ஆகிய மூன்று இடங்களில் நீரேற்று நிலையங்கள் கழிவுநீரை மேலே தூக்கிவிடுகின்றன. அப்படியிருந்தும் சில இடங்களில் குழாய் நாற்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. முழுச் சீரமைப்புக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் புதிய கழிவுநீர்க் குழாய்கள் தேவைப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி உறுப்பினர்களின் பங்குத்தொகை, அதாவது கடைசியில் வீட்டுக்காரர்கள் கட்டும் கழிவுநீர்க் கட்டணம்.

கான்கிரீட் பெயர்த்த ஓடைகளில் தாவரங்களும் பூச்சிகளும் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பின. மீன்களைப் பொறுத்தவரை ஒரு சுவையான செய்தி உண்டு. ‘குரொப்பெ’ எனப்படும், கற்களுக்கடியில் ஒளிந்து வாழும் விரல் நீளச் சிறுமீன் எம்ஷரில் அடியோடு அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது. ஆனால் பொட்ரோப் அருகே போயெ என்ற கிளையோடையின் மேற்பகுதியில், கழிவு எட்டாத சிறு நீர்ப்பரப்பில் ஒரு கூட்டம் பிழைத்திருந்தது. மரபணு ஆய்வில் அது எம்ஷருக்கே உரிய தனி வகையென்று தெரியவர, அங்கிருந்து பிடித்துச் சென்று மற்ற ஓடைகளில் விட்டார்கள்.

இருந்தாலும் ‘இயற்கை மீண்டது’ என்று எழுதிவிட முடியாது. நகரங்கள் ஆற்றின் விளிம்புவரை வந்துவிட்டன, நிலம் தாழ்ந்து கிடக்கிறது, ஆகவே உயர்ந்த கரைகளைப் பல இடங்களில் அகற்றவே முடியாது. அந்த இடங்களில் ஆறு இன்றும் நேராகத்தான் ஓடுகிறது. இடம் இருந்த இடங்களில் மட்டும், எடுத்துக்காட்டாக டோர்ட்முண்டின் மெங்கெடெ பகுதியில், கரையைப் பின்னுக்குத் தள்ளி வெள்ள நீர் பரவுவதற்கான தாழ்நிலத்தை உருவாக்கியிருக்கிறார்கள்.

மழைநீரும் இதே கணக்கில் சேர்ந்தது. சுத்தமான மழைநீரைச் சாக்கடையோடு கலந்து, பெருஞ்செலவில் சுத்திகரித்து, பிறகு ஆற்றில் விடுவது வீண். அதே வேளையில், கழிவுநீர் விலகிய பின் சிற்றோடைகள் வற்றாமலிருக்க அந்த மழைநீர் தேவை. 2005இல் கூட்டமைப்பும் நகரங்களும் மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன: கழிவுநீர் அமைப்பில் சேரும் மழைநீரில் 15 விழுக்காட்டை 15 ஆண்டுகளில் பிரித்துவிட வேண்டும். இதற்கு நகரங்களிடம் இருந்த கருவி எளிமையானது. வீட்டு மனையில் மழைநீர் இறங்காதபடி கூரையோ சிமெண்டோ மூடியிருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் தனிக் கட்டணம். முற்றத்தின் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, கூரைநீரைத் தோட்டத்துக்குத் திருப்பியவருக்குக் கட்டணம் குறையும். பள்ளிகளும் ஆலைகளும் தேவாலயங்களும் வரிசையாகக் கீழ்க்குழாயை வெட்டிப் புல்வெளிப் பள்ளங்களுக்குத் திருப்பின. அழகு என்று சொல்ல அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை; மழை பெய்யும்போது மட்டும் நிரம்பும் புல் பள்ளங்கள்தாம். ஊதுலைப் பூங்காவைப் பார்க்க வருபவர்கள் இவற்றைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

பசுமைச் சீரமைப்பின் இன்னொரு முகத்தை டோர்ட்முண்டின் ஹோர்டெ பகுதியில் காணலாம். அங்கே ஃபீனிக்ஸ்-ஓஸ்ட் உருக்காலை 2001இல் மூடப்பட்டது. பெரும்பகுதியைச் சீனத் தொழிலாளர்கள் வந்து பிரித்தெடுத்துக் கப்பலேற்றிச் சென்றார்கள். ஆலைக்கடியில் குழாய்க்குள் அடைபட்டிருந்த எம்ஷர் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில் 24 ஹெக்டேர் பரப்பில் ஓர் ஏரியை வெட்டி 2010 அக்டோபரில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பெருவெள்ளக் காலத்தில் ஆற்றின் உபரிநீரையும் அது வாங்கிக்கொள்ளும். நீரியல் நோக்கில் குறைசொல்ல முடியாத திட்டம். ஆனால் கரையிலிருந்த மனைகளை விற்றுத்தான் செலவை ஈடுகட்ட வேண்டியிருந்ததால், அங்கே எழுந்தவை விலையுயர்ந்த மாளிகைகளும் அலுவலகங்களும். ஆலையில் உழைத்தவர்களின் பழைய குடியிருப்பு சில நூறு மீட்டர் தொலைவில், அப்படியே இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு; வசிக்கும் வாய்ப்பு வேறு கணக்கு. டூய்ஸ்பூர்க் பூங்காவில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், அந்த நிலம் பொதுச் சொத்தாகவே இருந்ததும், அதிலிருந்து வருமானம் வந்தாக வேண்டும் என்று யாரும் கேட்காததும்தான்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1950களில் ரூர் சுரங்கங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வேலை செய்தார்கள். பூங்காக்களும் பாரம்பரியச் சின்னங்களும் அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. செய்யும் என்று எதிர்பார்த்ததும் பிழை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியிலேயே வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. வட்டாரத்தைக் கிழக்கு மேற்காகப் பிளக்கும் ஏ40 நெடுஞ்சாலையை அங்கே ‘சமூக நிலநடுக்கோடு’ என்கிறார்கள்: தெற்கே வசதியான குடும்பங்களும் பல்கலைக்கழகங்களும், வடக்கே எம்ஷரின் இருபுறமும் வறுமையும் குடியேறியோரின் குடியிருப்புகளும். எஸ்ஸன் 2017இல் ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் என்ற பட்டம் பெற்றபோதும் அந்தக் கோடு நகர்ந்துவிடவில்லை. ஆனால் வடக்கே வசிக்கும் சிறுவனின் வீட்டுக்குப் பின்னால் இப்போது கம்பி வேலியும் துர்நாற்றமும் இல்லை. சுரங்க ரயில் தடங்களின்மேல் போட்ட மிதிவண்டிப் பாதை இருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்க்காத ஒன்றைப் பயனற்றது என்று தள்ளிவிட நான் தயாரில்லை.

2018 டிசம்பர் 21 அன்று பொட்ரோப்பின் ப்ரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து கடைசி நிலக்கரித் துண்டு மேலே வந்தது. ரூரின் சுரங்கத் தொழில் அத்துடன் முடிந்தது. ஆனால் தாழ்ந்த நிலம் மீண்டும் உயரப்போவதில்லை. எம்ஷர் வடிநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு, நீர் தானாக வடிந்தோடும் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நீரேற்றும் பம்புகள் நின்றால் வீடுகளும் சாலைகளும் ரயில் நிலையங்களும் மெல்ல மெல்லக் குளங்களாகும். கைவிட்ட சுரங்கங்களில் ஊறும் நீரும் குடிநீர்ப் படிவங்களை எட்டாதபடி தொடர்ந்து இறைக்கப்பட வேண்டும். ஜெர்மானியர்கள் இவற்றுக்குச் சட்ட மொழியிலேயே ‘நித்தியப் பணிகள்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதற்கான பணத்தைத் தருவதற்காக 2007இல் ஓர் அறக்கட்டளை உருவாக்கப்பட்டு, சுரங்க நிறுவனத்தின் வேதியியல் தொழில் பங்குகள் அதன் பெயரில் வைக்கப்பட்டன. 2019 முதல் அந்த வருமானத்தில்தான் பம்புகள் ஓடுகின்றன, டூய்ஸ்பூர்க் ஊதுலையின் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு அவை கண்ணில் படுவதில்லை.